தெர்மாமீட்டரை வெளியே எடுத்த மதியம்

பெட்ரோல் பங்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் இருந்த ஒரு பங்க்கில் பதினேழு வருடம் மேனேஜராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தவன் நான். பைப்பை எப்படிப் பிடிக்க வேண்டும், மீட்டரை எப்போது பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், மழை நாளில் நிலத்தடி டேங்க் மூடியை எப்படிக் காக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லிக் கழுத்தறுக்கப் போவதில்லை. அடர்த்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் நான் ஒரு தப்புச் செய்தேன். அந்தத் தப்பில் எனக்கு ஒரு ஆள் போய்விட்டான்.

போய்விட்டான் என்றால் இறந்துபோனான் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம். அதற்கு முன்னால் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப்பிள்ளை. பெட்ரோலுக்கும் எனக்கும் இருந்த உறவு என் ஸ்கூட்டரோடு சரி. அன்று பெட்ரோல் லோடு வந்தது. டேங்கர் லாரியோடு வந்த சலானில் அடர்த்தி என்ற கட்டத்தில் 746.2 என்று போட்டிருந்தது. எங்கள் ரெஜிஸ்டரிலோ முந்தைய லோடுகளுக்கு 0.7458, 0.7465 என்றுதான் இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! வண்டியைத் திருப்பி அனுப்புவதா, போலீசுக்குச் சொல்வதா என்ற யோசனையில் டேங்கருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் இறங்கி வந்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். சோழவந்தான்காரன், பெயர் தவசி. வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அது போதாமல் லாரிக்கு வந்தவன்.

"என்னண்ணே, ஏன் இப்படி ரயிலை மறிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அன்றே பாத்திரக்கடைக்குத் திரும்பிப் போயிருப்பேன்.

"அண்ணே, நீங்க எழுதுறது ஒரு லிட்டர் எம்புட்டு கிலோங்கிறது. இது ஆயிரம் லிட்டர் எம்புட்டு கிலோங்கிறது. ஆயிரம் லிட்டரைத்தேன் ஒரு கன மீட்டர்னு சொல்றாக. எங்க வீட்டு வெத்தலையக் கவுளியா எண்ணிக் கொடுத்தாலும் கட்டாத் தூக்கிக் கொடுத்தாலும் கொடி ஒண்ணுதானண்ணே."

நம் வேலையில் அலகு என்பதைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான், இதற்கு மேல் எனக்குத் தேவைப்படவும் இல்லை. அடர்த்தி அளக்க மிதக்கவிடும் ஹைட்ரோமீட்டரில் மில்லிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று இருக்கும், சலானில் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். புள்ளியை மூன்று இடம் தள்ளினால் இரண்டும் ஒன்று. எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவன் என்னைப் போல நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நிற்பான்.

அதன் பிறகு பதினோரு வருடம் எங்களுக்கு லோடு கொண்டுவந்தவன் பெரும்பாலும் தவசிதான். சர்வீஸ் ரோட்டில் திரும்பும்போதே இரண்டு தடவை சின்னதாக ஹாரன் அடிப்பான். நான் கல்லாவில் இருந்து எழுந்துவிடுவேன்.

லோடு வந்ததும் உடனே மூடியைத் திறக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். வழியெல்லாம் குலுங்கி வந்த பெட்ரோல் அடங்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு நானும் அவனும் காற்று நிரப்பும் மேடையில் போய் உட்காருவோம். அங்கேதான் பிற்பகலில் நிழல் விழும். அவன் கொடிக்காலில் வாய்க்கால் தண்ணீர் வராததைச் சொல்வான், நான் பசுமலையில் எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வராததைச் சொல்வேன். அவன் மகன் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டது, பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவான என் மனைவி என்னையும் ஆறாம் வகுப்புப் பையனாகவே நடத்துவது, எல்லாம் அந்த மேடையில்தான். பங்க்கில் வேலை பார்த்த பாண்டியம்மா, "ஆரம்பிச்சுட்டாங்கப்பா ரெண்டு பேரும்" என்பார். எனக்கு அப்போது அது வேலைக்கு நடுவில் ஒரு காத்திருப்பு. இப்போது என்ன கொடுத்தாலும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒன்று திரும்பக் கிடைக்காது.

ஐம்பது வயதைத் தாண்டியதும் எனக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்க ஆரம்பித்தது. எல்லாருக்கும் வருவதுதான். கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகும். நான் போடவில்லை. எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் கண் மங்கி எதையோ தப்பாகப் படித்துக் கையெழுத்துப் போட்டதால்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதலாளியின் மருமகன் வேறு அடிக்கடி வந்து என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நர்சிங் கடைசி வருடம். இந்த நேரத்தில் மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் நின்றால் நானே நாற்காலியைத் துடைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் அழகு பற்றிய கவலையும் இருந்தது, மறைப்பானேன்.

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மேடையில் உட்கார்ந்து சலானைப் படித்துக்கொண்டிருந்தபோது தவசி கேட்டான்.

"என்னண்ணே, சலானை அலங்காநல்லூருக்கு அனுப்பி வச்சுப் படிக்கிறீங்க?"

கையை முழுவதும் நீட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய மேனேஜர், மருமகன், மகள் படிப்பு, எல்லாம்.

"ஒரு கண்ணாடிக்கு இம்புட்டு யோசனையாண்ணே? போட்டுட்டுப் போங்க."

"மக படிப்பு முடியட்டும் மாப்ள. அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறந்துராத. முதலாளி காதுக்குப் போச்சுன்னா நான் காலி."

"நான் எங்கண்ணே சொல்லப்போறேன்" என்றான். அத்தோடு பேச்சு முடிந்தது. நான் அதை மறந்தும் போனேன். சொன்னவன் மறந்துவிடலாம், கேட்டுக்கொண்டவன் மறக்க மாட்டான் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன். அதற்கு முன் வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் சூட்டில் விரியும். அதே எடை அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் சூடு ஏற ஏற ஒரு லிட்டரின் எடை குறைந்துகொண்டே போகும். காலையில் அளந்த எண்ணையும் மதியம் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அதனால்தான் எல்லா அளவையும் பதினைந்து டிகிரிக்கு மாற்றி எழுதுகிறோம். மதுரையில் பதினைந்து டிகிரியைக் கண்டவர் யார்? மார்கழி அதிகாலையில்கூட அது நம் பக்கம் எட்டிப் பார்க்காது. இந்த அட்டவணைக்காக மட்டும் தினமும் நாம் மனதுக்குள் கொடைக்கானல் போய் வருகிறோம். வெப்பம் எழுதாத அடர்த்தி அரைகுறை எண். வெப்பத்தைத் தப்பாக எழுதிய அடர்த்தியோ பொய் எண்.

அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. தார் ரோடு பளபளவென்று தண்ணீர் தேங்கிய மாதிரி தெரிந்தது. மேற்கில் இருந்து வறண்ட காற்று. இரண்டு ஹாரன் கேட்டது, தவசி வந்தான். அன்று பார்த்து முதலாளியும் மருமகனும் பங்க்கில் இருந்தார்கள். அதனால் மேடையில் போய் உட்காரவில்லை. நேரம் ஆனதும் மூடியைத் திறந்து, சாம்பிள் எடுத்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன். ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டேன். அதன் எண்கள் பெரியவை, இரண்டடி தள்ளி நின்று படித்துவிட்டேன்: 0.725. தெர்மாமீட்டர்தான் தகராறு. பாதரச இழை நூல் மாதிரி. குடுவைக்குள் இருக்கும்போது எனக்கு அது கண்ணில் படவே படாது. வழக்கமாக என்ன செய்வேன் என்றால், வெளியே எடுத்து, வானத்துக்கு நேராகப் பிடித்து, கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்துப் படிப்பேன். அன்றும் அப்படித்தான் செய்தேன். முப்பத்து மூன்று.

அட்டவணையில் பார்த்தால் 741 வந்தது. சலானில் 746. மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் லோடு இறக்கக் கூடாது. ஐந்து வந்துவிட்டது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னாச்சு?"

"குறையுது. அஞ்சு."

மருமகன், "அப்ப வழியில ஏதோ கலந்திருக்கு" என்றார். சுற்றிலும் பைக்கில் நின்றுகொண்டிருந்த நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். லேசான சால்வென்ட் எதையாவது கலந்தால் அடர்த்தி குறையும் என்பது உண்மைதான்.

தவசி என் பக்கத்தில் வந்தான். "அண்ணே, இன்னொருக்காப் பாருங்கண்ணே."

பார்த்தேன். இந்தத் தடவை ரொம்பக் கவனமாகப் பார்த்தேன். கண்ணில் வேர்வை. துடைத்துவிட்டு, தெர்மாமீட்டரை நன்றாக உயர்த்தி, நிதானமாகத் திருப்பி, இழையைப் பிடிக்க முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு. வித்தியாசம் ஆறாகிவிட்டது.

"பாண்டியம்மாவப் பாக்கச் சொல்லுங்கண்ணே" என்றான் தவசி மெதுவாக. "ஒரே ஒருக்கா. அவங்களும் பாக்கட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பதினோரு வருட மேனேஜர் பார்த்ததை, பைப் பிடிக்கிறவர் சரிபார்க்க வேண்டுமா? அதுவும் முதலாளி முன்னால்?

"ஏன், எனக்குப் பாக்கத் தெரியாதா? ரெண்டு தடவை பாத்தாச்சு தவசி. உன் வண்டியில என்ன இருக்குன்னு நீதான் சொல்லணும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்டான். குற்றம் செய்தவன் திணறுகிறான் என்று நான் நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

சாம்பிளை அலுமினிய கேனில் அடைத்து சீல் வைத்தோம். வெப்பம் 32 என்று நான் எழுதிய படிவத்தில் டிரைவர் கையெழுத்துப் போட வேண்டும், நான் எழுதியது அவன் கண்ணெதிரே அளந்தது என்பதற்காக. மறுத்தால் மறுக்கலாம், அதற்கு ஒரு கட்டமே இருக்கிறது. அவன் மறுக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, லாரியில் ஏறினான். அன்று மாலையே லாரி முதலாளி அவனிடம் இருந்து சாவியை வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். பங்க்கில் வந்து நிற்கிற மற்ற டிரைவர்கள் எல்லாம், "தவசியா? அவனா?" என்று பேசிக்கொண்டார்கள். நான் ரசீது கிழித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் கம்பெனி அதிகாரி வந்தார். முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண். சீல் வைத்த கேனைப் பிரித்து, "சார், நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்க, அன்னைக்குச் செஞ்ச மாதிரியே" என்றார். செய்தேன். ஹைட்ரோமீட்டர் படித்தேன், அன்றைய அதே 0.725. தெர்மாமீட்டரை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"அதை ஏன் சார் வெளியே எடுக்குறீங்க?"

அதட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் தெர்மாமீட்டரை வாங்கித் திரும்பக் குடுவைக்குள் விட்டு, காத்திருந்து, உள்ளே வைத்தபடியே குனிந்து படித்தார். முப்பத்தொன்பது. பிறகு வெளியே எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முனையில் ஒட்டியிருந்த பெட்ரோல் காற்றில் ஆவியாகிக்கொண்டிருந்தது. பாதரசம் என் கண் முன்னால் இறங்கியதாம். எனக்குத் தெரியவில்லை, அவர்தான் எண்ணிச் சொன்னார். "முப்பத்தேழு... முப்பத்தஞ்சு... முப்பத்துமூணு..."

பெட்ரோல் கையில் பட்டால் சில்லென்று இருக்கும் என்பது இந்த வேலையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சில்லிப்பு தெர்மாமீட்டருக்கும் பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. மற்ற நாட்களில் சட்டென்று பார்த்துவிடுவேன், வித்தியாசம் மூன்றுக்குள் அடங்கிவிடும். அன்று வெயில், காற்று, வேர்வை. எவ்வளவு கவனமாகப் பார்த்தேனோ அவ்வளவு நேரம் அது குளிர்ந்தது. கவனம் கூடக் கூடத் தப்புப் பெரிதானது. முப்பத்தொன்பது என்று வைத்துக் கணக்குப் போட்டால் சலானில் இருந்த அதே 746. பெட்ரோலில் ஒரு குறையும் இல்லை.

"விளக்கக் கடிதம் ஒண்ணு எழுதிக் கொடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். முதலாளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தெர்மாமீட்டர் பழுதுன்னு எழுதிருங்க. புதுசு ஒண்ணு வாங்கிருவோம். அம்புட்டுத்தேன்" என்றார். நானும் அப்படியே எழுதினேன். என் கண்ணைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. எப்படியோ தவசி பெயர் தப்பித்துவிட்டது, என் நாற்காலியும் தப்பித்துவிட்டது, அவனிடம் நேரில் போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு சோழவந்தான் பஸ் ஏறினேன். வீடு தெரியாது. பதினோரு வருடத்தில் ஒருதடவைகூடப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விசாரித்துப் போனேன். தவசி கொடிக்காலில் இருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க சார்" என்றான்.

நான் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

நாற்காலி போட்டான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்தார். நான் கடிதத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் தள்ளி நின்று, நிதானமாக, முழுவதும் படித்தான்.

"தெர்மாமீட்டர் என்ன சார் பண்ணுச்சு, பாவம்" என்றான்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உனக்கு... தெரியுமா?"

"வெளிய எடுத்தா எண்ணு இறங்கும்னெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்கு அந்தக் கோடு தெரியலைங்கிறது தெரியும். நீங்க பாத்தது சரியா இருக்காதுன்னு தெரியும். அதான் பாண்டியம்மாவப் பாக்கச் சொன்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா! எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? முதலாளி நிக்கிறாரு, மருமகன் நிக்கிறாரு. யார்கிட்டயும் சொல்லிராதன்னு நீங்கதான சொன்னீங்க." அவன் குரலில் கோபமே இல்லை. "கையெழுத்துப் போட்டா மறுபடி டெஸ்ட் பண்ணுவாக, தப்பில்லைன்னு வந்துரும், நாலு நாள்ல சரியாயிரும்னு நினைச்சேன். அது சரியாத்தான் போச்சு. ஆனா உன் வண்டியில என்ன இருக்குன்னு என்னையப் பாத்துக் கேட்டீங்க பாருங்க..."

கடிதத்தை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

நான் என்னென்னவோ சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் மனைவி உள்ளே போய்விட்டார். தவசி என்னைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். ஒரு கவுளி வெற்றிலையை வாழைச்சருகில் கட்டி, "வீட்டுல டீச்சரம்மாகிட்டக் கொடுங்க" என்றான். பஸ் வந்ததும், "பாத்துப் போங்க சார்" என்றான்.

திங்கட்கிழமை காலை அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒன்று எழுதினேன். எனக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியவில்லை, அதை மறைத்தேன், அதனால் தெர்மாமீட்டரை வெளியே எடுத்துப் படித்தேன், டிரைவர் வேறொருவரைப் பார்க்கச் சொன்னார், நான் மறுத்தேன், தவறு முழுவதும் என்னுடையது. கம்பெனிக்கு ஒன்று, லாரி முதலாளிக்கு ஒன்று, எங்கள் முதலாளிக்கு ஒன்று. கொடுத்துவிட்டு, மேஜையில் இருந்த என் சொந்தச் சாமான்களை ஒரு பையில் போட்டு வைத்தேன்.

முதலாளி படித்தார். பையைப் பார்த்தார். "இதைச் சொல்றதுக்கா இம்புட்டு நாளு? போய் ஒரு கண்ணாடி வாங்கிட்டு வாங்கய்யா, சாயங்காலம் லோடு வருது" என்றார்.

அவ்வளவுதான். நான் ஒரு வருடமாகப் பயந்த பயம் அந்த ஒரு வரியில் முடிந்தது. மருமகன் என் நாற்காலியைப் பார்த்தது உண்மையா, என் மனசில் ஓடியதா என்று இன்றுவரை தெரியாது. அவர் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பசுமலைக்குப் போகிற வழியில் ஒரு கடையில் கண்ணாடி வாங்கினேன். வெளியே வந்து எதிர்க்கடை போர்டைப் படிக்காமல், என் உள்ளங்கை ரேகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடமாக அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் பங்க்கில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். முதல் தடவை நான் படிப்பேன், இரண்டாவது தடவை பாண்டியம்மா படிப்பார், நான் படித்த எண்ணை அவருக்குச் சொல்ல மாட்டேன். ஒரே ஆள் ஒரே மாதிரி இரண்டு தடவை பார்ப்பது சரிபார்ப்பதாகாது தம்பிகளே. ஒரே தப்பை இரண்டு தடவை செய்வதுதான் அது. பாண்டியம்மா இரண்டு முறை என் கணக்கைத் திருத்தினார், இரண்டு முறையும் எனக்குக் கோபம் வந்தது, இரண்டு முறையும் அவர் சொன்னதுதான் சரி.

லாரி முதலாளி தவசியைத் திரும்பக் கூப்பிட்டார். அவன் போகவில்லை. பால் டேங்கர் ஓட்டப் போய்விட்டான். எங்கள் பங்க் வழியாகத்தான் போவான். வெள்ளை வண்டி தூரத்தில் வரும்போதே தெரியும், இப்போதுதான் எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே. சர்வீஸ் ரோடு பிரியும் இடத்தில் அது கொஞ்சம் மெதுவாகும். அல்லது மெதுவாகிற மாதிரி எனக்குத் தோன்றும். நான் கல்லாவில் இருந்து பாதி எழுந்திருப்பேன். ஹாரன் கேட்காது. உட்கார்ந்துவிடுவேன். ஆறு வருடம், வாரத்துக்கு நாலைந்து தடவை இப்படி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக லோடு கொண்டுவந்த டிரைவர்கள் நல்ல பையன்கள்தான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள், நானும் ரெஜிஸ்டரைப் பார்ப்பேன்.

மகள் கல்யாணத்துக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். வந்தான், மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தான். தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், சாப்பிட்டான், மகளை வாழ்த்தினான். அவன் என்னை மன்னித்துவிட்டான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாரேன் சார், ஒடம்பப் பாத்துக்கங்க" என்றான். மன்னிப்பு வேறு, அந்தப் பழைய வார்த்தை வேறு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது. "என்னை அண்ணேன்னு கூப்பிடு" என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பது?

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். தெர்மாமீட்டர் குடுவைக்குள்ளேயே இருக்கட்டும். கண் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் நடந்துவிடாது. வருடக்கணக்காகத் தெரிந்த ஒரு ஆள், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று சொன்னால், கோபப்படுவதற்கு முன்னால் அவன் ஏன் சொல்கிறான் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எண்ணை ஒப்பிடுவதற்கு முன்னால் வெப்பத்தைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, அந்த மதியம் என் சூட்டைப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது காலையில் பசுமலையில் இருந்து நடை போகிறேன். நம் ஊரில் வாய் திறந்தால் அண்ணேதான். டீக்கடையில், பஸ்ஸில், மார்க்கெட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது பேராவது யாரையாவது அப்படிக் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் "அண்ணே" என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஆட்டோக்காரராக இருக்கும், வழிவிடச் சொல்லியிருப்பார். ஒதுங்கி நின்று வழிவிடுகிறேன்.